காலியாக விட்ட கட்டமும் மார்க் மெக்கார்மக்கும்

இந்த மாதப் பாடத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சென்ற முறை நம் இளைஞர் முகாமில் நடந்த ஒரு சின்ன சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் நாள் மதியம், சாப்பாடு முடிந்து எல்லாருக்கும் தூக்கம் கண்ணைக் கட்டும் நேரம். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். மேலே "10 ஆண்டுகளில் நான்" என்று தலைப்பு. கீழே ஒரு பெரிய கட்டம். அவ்வளவுதான். பயிற்சி நடத்திய அண்ணன் முதலில் ஒரு கதை சொன்னார். நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். 1979இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி மாணவர்களிடம் "உங்கள் இலக்கை எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்களாம். 3 விழுக்காட்டினர் மட்டும் எழுதி வைத்திருந்தார்களாம். 10 ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்த 3 விழுக்காட்டினர் மற்ற 97 விழுக்காட்டினரை விடப் பத்து மடங்கு சம்பாதித்தார்களாம். "அதனால எழுதுங்க தம்பி, தங்கச்சி! எழுதாதவன் எங்கேயும் போக மாட்டான்!"

எல்லாரும் மளமளவென்று எழுதினார்கள். என் பக்கத்தில் இருந்த தங்கச்சி மருத்துவர், சொந்த கிளினிக், கார் நிறம் வரைக்கும் எழுதிவிட்டாள். என் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. பத்து வருஷத்துல நான் எங்க இருப்பேன்? சத்தியமா தெரியல. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு பயம். அப்போ நான் அந்த 97 பேரில் ஒருத்தன்தானா?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஆய்வைத் தேடினேன். பொறியியல் மாணவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண் கொடுத்தால், எப்படி அளந்தார்கள் என்று கேட்போம்.

ஆய்வு கிடைக்கவில்லை. ஒரு மனிதர் கிடைத்தார். அந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பலர் சான்றாகக் காட்டுவது, "ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் உங்களுக்குக் கற்றுத் தராதவை" என்ற பொருள்படும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை. எழுதியவர் மார்க் மெக்கார்மக். சரி, கணக்குப் போடுங்கள். 1979இல் கேள்வி கேட்டு, 10 ஆண்டு கழித்து மறுபடி கேட்டிருந்தால் அது 1989. மெக்கார்மக்கின் புத்தகம் வெளிவந்தது 1984இல். 1989இல் தெரியவந்த முடிவு 1984இல் வந்த புத்தகத்துக்குள் எப்படிப் போகும்? இதே கதையை யேல் பல்கலைக்கழகத்தின் பெயரில், 1953 என்ற ஆண்டோடு சொல்பவர்களும் உண்டு. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று யேல் தரப்பே சொல்லிவிட்டது.

பயிற்சி நடத்திய அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்டதை நல்ல மனதோடு சொன்னார். ஆனால் எனக்கு வேறொரு ஆர்வம் வந்துவிட்டது. எந்த மனிதரின் பெயரைச் சொல்லி என்னைப் பயமுறுத்தினார்களோ, அவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது? அவர் 21 வயதில் கட்டத்தை நிரப்பினாரா? அதுதான் இந்தப் பாடம்.

மண்டை உடைந்த சிறுவன்

மார்க் மெக்கார்மக் 1930 நவம்பர் 6ஆம் தேதி அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தவர். சிறு வயதில் கார் மோதி மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் அமெரிக்கப் பிள்ளைகள் முண்டியடித்து ஆடும் காற்பந்து போன்ற, உடலோடு உடல் மோதும் ஆட்டங்கள் எதுவும் அவருக்குக் கூடாது என்றாகிவிட்டது. யாரும் யாரையும் இடிக்காத ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. அது கோல்ஃப்.

நம்மில் பலருக்கு கோல்ஃப் என்றாலே பணக்காரர் ஆட்டம். உண்மைதான், செலவு அதிகம். ஆனால் இந்தச் சிறுவனுக்கு அது அந்தஸ்தால் வந்ததல்ல. மற்ற கதவுகள் மூடியதால் திறந்த ஒரே கதவு அது.

நன்றாகவே ஆடினார். வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சேர்ந்து, அங்குள்ள கோல்ஃப் அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஆனார். 1951இல் பட்டம் பெற்றார். பின்னாளில் அமெரிக்க அமெச்சூர், பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டிகளில் ஆடினார். 1958இல் அமெரிக்க ஓப்பன் போட்டிக்கே தகுதி பெற்றார். அமெரிக்க ஓப்பன் என்பது கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று. முழுநேர ஆட்டக்காரர்களே தகுதிச் சுற்றில் கழன்றுபோகும் போட்டி அது. ஆக, இவர் சும்மா வார இறுதியில் பொழுதுபோக்குக்கு மட்டையைத் தூக்கியவர் அல்ல.

எதிர் அணியில் நின்றவர்

கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில்தான் மெக்கார்மக் இன்னொரு இளைஞரைச் சந்தித்தார். வட கரோலைனாவின் வேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்கு ஆடியவர். பெயர் ஆர்னல்ட் பால்மர்.

பால்மரின் பின்னணி நமக்கு நெருக்கமானது. பென்சில்வேனியா மாநிலத்தில் லாட்ரோப் என்ற சிற்றூர். அவருடைய அப்பா அந்த ஊர் கோல்ஃப் மன்றத்தில் புல்தரையைப் பராமரிக்கும் வேலை செய்தவர். பிறகு அங்கேயே பயிற்றுநரும் ஆனார். வேலைக்காரர் மகன் என்பதால் உறுப்பினர்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் பையன் ஆட முடியும். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து துரைமார் மன்றங்கள் எப்படி இருந்தன என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால், இந்த இடம் உங்களுக்குச் சட்டென்று புரியும். அந்தப் பையன்தான் 1958, 1960, 1962, 1964 என்று நான்கு முறை மாஸ்டர்ஸ் பட்டம் வென்றான். 1971இல் அந்த லாட்ரோப் மன்றத்தையே விலைக்கு வாங்கினான்.

பால்மர் ஆடுவதை அருகில் நின்று பார்த்தபோது மெக்கார்மக்குக்கு என்ன தோன்றியிருக்கும்? அவர் மனசுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் அவர் அடுத்து எடுத்த முடிவு தெரியும். தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1954இல் முடித்தார். பின்னர் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கல்லூரி அளவில் நட்சத்திரமாக இருந்த ஒருவருக்கு, "நான் நன்றாக ஆடுகிறேன், ஆனால் அவன் அளவுக்கு இல்லை" என்று ஒத்துக்கொள்வது லேசான காரியமா? நம்மில் எத்தனை பேருக்கு அது வருகிறது? பள்ளியில் முதல் மாணவனாக இருந்து, எஸ்பிஎம் தேர்வில் வரிசையாக ஏ வாங்கி, பல்கலைக்கழகம் வந்த முதல் செமஸ்டரிலேயே நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் ஐம்பது பேரைப் பார்க்கிறோம். சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். சிலர் பொறாமையில் வேகிறார்கள். மெக்கார்மக் மூன்றாவது ஒன்றைச் செய்தார். இவ்வளவு நன்றாக ஆடும் இந்த மனிதனுக்கு என்ன குறைகிறது என்று பார்த்தார்.

கைகுலுக்கலில் தொடங்கிய தொழில்

1950களின் பிற்பகுதியில் ஒரு கோல்ஃப் வீரரின் நிலை இதுதான். போட்டிப் பரிசுத் தொகை பெரிதல்ல. காட்சி ஆட்டங்களுக்கு யாராவது அழைத்தால் போக வேண்டும். கருவி செய்யும் நிறுவனங்கள் வீரரின் பெயரை மட்டையில் பொறிக்க ஒப்பந்தம் நீட்டும். வீரர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, எந்த நாட்டுக்கு, எந்தப் பொருளுக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. காலையிலிருந்து மாலைவரை பந்தடிப்பவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

மெக்கார்மக்குக்கு இரண்டு பக்கமும் தெரியும். அமெரிக்க ஓப்பன் வரை ஆடியதால் வீரர்களின் பேச்சும் கவலையும் புரியும். வழக்கறிஞர் என்பதால் ஒப்பந்தத்தில் எந்த வரி கழுத்தை இறுக்கும் என்பதும் தெரியும். முதலில் ஒரு நண்பரோடு சேர்ந்து சில வீரர்களுக்குக் காட்சி ஆட்டங்களை ஏற்பாடு செய்து கொடுத்தார். பால்மருக்கு இவருடைய வேலை பிடித்துவிட்டது. என் விவகாரங்களை நீயே முழுசாகப் பார்த்துக்கொள் என்றார். 1960 வாக்கில் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை என்பது விளையாட்டு உலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர், தன் முதல் பெரிய வாடிக்கையாளரோடு வெறும் கையைத்தான் குலுக்கினார். அந்த உறவு மெக்கார்மக் சாகும்வரை நீடித்தது.

இந்தக் கைகுலுக்கலில் இருந்து வளர்ந்ததுதான் ஐஎம்ஜி நிறுவனம்.

வெற்றியை விற்காதே

மெக்கார்மக்கின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சாதாரணமாக ஒரு வீரரை விளம்பரத்தில் போட்டால் என்ன எழுதுவார்கள்? "மாஸ்டர்ஸ் சாம்பியன் பயன்படுத்தும் மட்டை!" மெக்கார்மக் அந்த வழியில் போகவில்லை. இந்த ஆண்டு சாம்பியன், அடுத்த ஆண்டு வேறொருவர். வெற்றியை மட்டும் விற்றால், வெற்றி நின்ற அன்று வியாபாரமும் நின்றுவிடும். ஆனால் ஒருவருடைய நேர்மை, நெருங்கிப் பழகும் குணம், துணிச்சலான ஆட்டம் இவையெல்லாம் தோற்ற நாளிலும் அவரோடு இருக்கும். அதைத்தான் அவர் முன்னால் வைத்தார்.

பால்மரின் சின்னம் ஒரு பல வண்ணக் குடை. அதில் கோப்பையும் இல்லை, பட்டத்தின் பெயரும் இல்லை. பால்மர் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் கடைசியாக வென்றது 1973இல். வாழ்நாள் முழுக்க அந்தச் சுற்றில் அவர் வென்ற பரிசுப் பணம் மொத்தம் 20 லட்சம் டாலருக்கும் குறைவு. ஆனால் அந்தக் குடை 2016இல் அவர் இறக்கும்வரை சட்டையிலும் பானத்திலும் கோல்ஃப் திடல்களிலும் சம்பாதித்துக்கொண்டே இருந்தது. பரிசுப் பணம் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது.

இதை நான் வணிக உத்தியாக மட்டும் பார்க்கவில்லை. நாமும் நம்மை எதைக் காட்டி அறிமுகப்படுத்திக்கொள்கிறோம்? 4.0 சிஜிபிஏ, பரிசு, பதக்கம். அடுத்த செமஸ்டர் 3.2 ஆகிவிட்டால் நாம் யார்?

மூன்று பேர், ஒரு மேலாளர்

பால்மருக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் வந்தார். அடுத்து, கல்லூரியை விட்டு அப்போதுதான் தொழில்முறைக்கு வந்த ஜாக் நிக்லஸ். இந்த மூவரையும் "பெரிய மூவர்" என்று உலகமே அழைத்தது. மூவருக்கும் ஒரே மேலாளர். 1962 அமெரிக்க ஓப்பனில் பால்மரும் நிக்லஸும் சமநிலையில் முடித்து, மறுநாள் தனியாக மோதினார்கள். நிக்லஸ் வென்றார். பால்மரின் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே அவர் தோற்ற நாள் அது. இருவரின் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்தவர் மெக்கார்மக். அன்று அவர் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்!

பிறகு நிறுவனம் வேகமாகக் கிளை விட்டது. வீரர்கள் ஆடப் போட்டி வேண்டும். 1964இல் இங்கிலாந்தின் வென்ட்வொர்த்தில் உலக மேட்ச் பிளே போட்டியைத் தொடங்கினார். போட்டியைக் காட்டத் தொலைக்காட்சி வேண்டும். அதற்கும் ஒரு பிரிவு. கோல்ஃப் வீரர்களில் உலகில் யார் முதலிடம் என்று சொல்ல ஒழுங்கான வழி இல்லை. தன் ஆண்டு மலரில் அவர் வெளியிட்டு வந்த தரவரிசையே, 1986இல் தொடங்கிய அதிகாரபூர்வ உலகத் தரவரிசைக்கு அடிப்படை ஆனது. கோல்ஃபைத் தாண்டி டென்னிஸ், விம்பிள்டன், பியோன் போர்க், பின்னாளில் டைகர் வூட்ஸ். விளையாட்டையும் தாண்டி, 1982இல் போப்பாண்டவர் பிரிட்டனுக்கு வந்தபோது அந்தப் பயணத்தின் வணிக ஏற்பாடுகளைக் கவனித்ததும் ஐஎம்ஜிதான். அவர் மறைவுக்குப் பின், 2008இல் ஐபிஎல் கிரிக்கெட் தொடங்கியபோது இந்திய வாரியத்துக்கு அதை வடிவமைத்துக் கொடுத்ததில் இதே நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. சென்னை அணி ஆடும்போது நாம் இங்கே விழித்திருந்து கத்துகிறோமே, அதற்குப் பின்னாலும் அந்தப் பழைய கைகுலுக்கலின் நிழல் இருக்கிறது.

புகழ்ச்சியோடு நிறுத்தக் கூடாது

வாழ்க்கை வரலாறு படிக்கும்போது நாம் செய்யும் தவறு, ஆளைக் கடவுளாக்கிவிடுவது. மெக்கார்மக் மீது கடுமையான விமர்சனம் இருந்தது. வீரரின் மேலாளர் அவர். போட்டியை நடத்துபவர் அவர். அதைத் தொலைக்காட்சிக்கு விற்பவரும் அவர். சம்பளம் கேட்பவனும் கொடுப்பவனும் ஒரே ஆளாக இருந்தால் நியாயம் எங்கே இருக்கும்? இந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. மூவரில் ஒருவரான நிக்லஸ், பால்மருக்குக் கிடைக்கும் கவனம் தனக்குக் கிடைக்கவில்லை என்ற உணர்வோடு 1970 வாக்கில் விலகித் தன் வழியில் போனார். ஒரே நேரத்தில் பல நாற்காலிகளில் உட்காருவது திறமைதான். ஆனால் ஒருவருக்கு முழு உண்மையாக இருக்க முடிகிறதா என்று யாராவது கேட்டால், பதில் சொல்லத்தான் வேண்டும். நம் இயக்கத்தில் ஒரே ஆள் தலைவராகவும் பொருளாளராகவும் கணக்காய்வாளராகவும் இருந்தால் ஒத்துக்கொள்வோமா? அதே கேள்விதான்.

மஞ்சள் தாள்

இப்போது அந்தக் காலிக் கட்டத்துக்கு வருகிறேன்.

1951இல், 20 வயதில், மெக்கார்மக் கையில் யாராவது "10 ஆண்டுகளில் நான்" என்ற தாளைக் கொடுத்திருந்தால், "விளையாட்டு வீரர்களின் மேலாண்மை நிறுவனத் தலைவர்" என்று எழுதியிருக்க முடியுமா? முடியாது. இன்று நாம் அறிந்த வடிவில் அப்படி ஒரு தொழிலே அன்று இல்லை. வழக்கறிஞர் என்று எழுதியிருக்கலாம். கோல்ஃப் வீரர் என்று எழுதியிருக்கலாம். இரண்டும் பாதிதான் சரி. அந்த இரண்டும் சந்தித்த இடத்தில்தான் அவருடைய வேலை இருந்தது. அங்கே போய் நின்றால்தான் அந்த இடம் கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் அவர் எதையும் எழுதாத மனிதரா? நேர்மாறு. மஞ்சள் நிறக் கோடு போட்ட தாள் கட்டு எப்போதும் அவரிடம் இருக்கும். இன்று யாரிடம் பேச வேண்டும், எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன் எல்லாம் அதில் ஏறும். செய்து முடித்ததும் அடித்துவிடுவார். நாள் நாளாக, மணி மணியாக எழுதினார். பத்தாண்டுக் கனவை எழுதி வைத்தாரோ இல்லையோ, நாளை காலை 9 மணிக்குச் செய்ய வேண்டியதை எழுதாமல் விட்டதில்லை.

எனக்கு நிம்மதி கொடுத்தது இதுதான். அதே நேரம் வெட்கப்பட வைத்ததும் இதுதான். ஏன் வெட்கம்? சொல்கிறேன்.

நான் எங்கள் பல்கலைக்கழக ரோபோட்டிக்ஸ் போட்டிக் குழுவில் இருக்கிறேன். புரோகிராமிங் செய்யத்தான் சேர்ந்தேன். முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது, என்னைவிட ஒரு வருஷம் ஜூனியர் தம்பி ஒருவன் என் ஒரு வார வேலையை ஒரு ராத்திரியில் முடித்துவிடுவான். கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்கு வந்த வேலை வேறு. மோட்டார் எங்கே மலிவாகக் கிடைக்கும், பொருள் எப்போது வந்து சேரும், ஆதரவு கேட்டு நிறுவனங்களுக்கு யார் கடிதம் எழுதுவது, சண்டை போட்ட இரண்டு பேரை எப்படி ஒரே மேசையில் உட்கார வைப்பது. வீட்டில் அம்மா, "உன் வேலை என்னப்பா அங்க?" என்று கேட்டால், "சும்மா, மத்த வேலை" என்று சொல்லிவிடுவேன். சொல்லவே கூச்சம். கூச்சம் இருந்ததால் அந்த வேலையையும் அரைகுறையாகத்தான் செய்தேன். ஒரு கடிதத்தை இரண்டு வாரம் தாமதமாக அனுப்பி, கிடைக்க வேண்டிய ஆதரவுத் தொகையைக் குழு இழந்தது. குழுவில் யாரும் திட்டவில்லை. அது இன்னும் வலித்தது.

இந்த இடத்தில்தான் நம் ஞாயிறு வகுப்பில் படித்த சுவதர்மம் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்தவன் வேலையைப் பார்த்து ஏங்குவதைவிட, நமக்கென்று வந்த கடமையைக் குறையோடாவது செய்வது மேல் என்ற கருத்து. நான் அதை இதுவரை தேர்வுக்குப் படித்த மாதிரி படித்திருந்தேன். இன்னொன்றும் யோசித்தேன். குருக்ஷேத்திரத்தில் வில்லை எடுத்தவன் அர்ச்சுனன். தேரை ஓட்டியவன் கண்ணன். ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொல்லித்தான் கண்ணன் அந்தப் போருக்கே வந்தான். பார்த்தசாரதி என்று கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். சாரதி என்பது ஓட்டுநர் வேலை! ஒரு வணிகரைக் கடவுளோடு ஒப்பிடும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. கடிவாளம் பிடிக்கிற வேலையை மட்டமாக நினைக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. தேரோட்டிக்குக் குதிரையும் தெரிய வேண்டும், போரும் தெரிய வேண்டும். மெக்கார்மக் கோல்ஃபை விட்டதால் மேலாளர் ஆகவில்லை. கோல்ஃபை நன்றாகக் கற்றிருந்ததால் மேலாளர் ஆனார். ஆகவே "எனக்குக் கோடிங் வராது, நான் மேனேஜர் ஆகிடறேன்" என்று தப்பிக்க இந்தப் பாடத்தைப் பயன்படுத்தாதீர்கள். நான் இன்னும் புரோகிராமிங் படிக்கிறேன். அந்தத் தம்பியை முந்துவதற்காக அல்ல. அவன் எங்கே திணறுகிறான் என்று பார்த்ததும் புரிய வேண்டும் என்பதற்காக.

அவர் பெயரில் ஒரு பதக்கம்

மெக்கார்மக் 2003 மே 16ஆம் தேதி, 72 வயதில் நியூயார்க்கில் காலமானார். 2006இல் உலக கோல்ஃப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் விளையாட்டு மேலாண்மைத் துறைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் 20 வயதில் இருந்தபோது பெயரில்லாமல் இருந்த வேலைக்கு, இன்று பட்டப் படிப்பே இருக்கிறது.

2007 முதல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடிக்கும் அமெச்சூர் கோல்ஃப் வீரருக்கு மார்க் மெக்கார்மக் பதக்கம் வழங்கப்படுகிறது. பிறகு பெண்களுக்கும் வந்தது. ஜோன் ராம், லிடியா கோ போன்றவர்கள் இளம் வயதில் அதைப் பெற்றவர்கள். தன் காலத்தில் முதலிடம் பிடிக்க முடியாத அமெச்சூர் ஒருவரின் பெயரில், உலகின் முதல் அமெச்சூருக்குப் பதக்கம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது.

அந்த முகாம் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. தலைப்பில் இருந்த "10 ஆண்டுகளில்" என்பதை அடித்துவிட்டு "இந்த வாரம்" என்று எழுதினேன். கட்டத்துக்குள் நான்கு வரி. அதில் முதல் வரி, அந்த நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்டு மறுபடி கடிதம் அனுப்புவது. அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், அம்மா அடுத்த முறை கேட்கும்போது என் வேலை என்னவென்று ஒழுங்காகச் சொல்லப் போகிறேன்.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச:

1. உங்களைவிடத் திறமையான ஒருவரை நேரில் பார்த்தபோது என்ன செய்தீர்கள்? விலகினீர்களா, பொறாமைப்பட்டீர்களா, அவருக்கு என்ன தேவை என்று பார்த்தீர்களா?

2. பரிசு, மதிப்பெண், பட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உங்களை மூன்று வாக்கியத்தில் அறிமுகப்படுத்திப் பாருங்கள். முடிகிறதா?

3. ஒரே ஆள் பல பொறுப்புகளை வைத்திருப்பதில் உள்ள நன்மை என்ன, ஆபத்து என்ன? நம் கிளையில் இதை எப்படிச் சரிசெய்யலாம்?

4. மேடையில் கேட்ட ஊக்கக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, இடம், எண்ணிக்கை மூன்றையும் சரிபாருங்கள். கண்டுபிடித்ததை, கதை சொன்னவர் மனம் நோகாமல் அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

5. கோயில் திருப்பணியிலோ, முகாமிலோ, குடும்பத்திலோ உங்களுக்காகக் கடிவாளம் பிடித்த ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.